விட்ட பின்னும் சிவந்திருந்த நிலவு

இந்நிகழ்ச்சியை எழுதிவைத்தாக வேண்டும் என நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. கடந்த மாசி முழுநிலவு நாளின் மாலையில், சந்திர கிரகணம் எனப்படும் நிலவு மறைப்பின்போது, திருவரங்கத்தில் எங்கள் அடுக்கக மாடியில் நடந்ததை உறவினர்கள் இப்போது இரு விதமாகச் சொல்லி வருகின்றனர். பழைய வழக்கத்தைக் கைவிட மறுத்ததால் என் மனைவி மயங்கி விழுந்தாள் என்பது ஒரு கட்சி. அறிவியல் பேசிப் பேசி நான் அவளைக் குழப்பிவிட்டேன் என்பது மறு கட்சி. அவள் மயங்கி விழவில்லை, உட்கார்ந்தாள். பிறரைக் குழப்புவதற்குத் தான் தெளிந்திருக்க வேண்டும். நான் அன்று தெளிந்திருக்கவில்லை. இன்றும் முழுமையாகத் தெளிந்தேன் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் நினைவு மங்குமுன், நடந்ததை நடந்த வரிசையில் வைப்பது என் கடமை.

நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வானியல் என் துறை அன்று. அத்துறையில் எனக்குப் பழக்கமானவை சொற்கள் மட்டுமே. புவியின் நிழல் இரு பகுதிகளை உடையது. நடுவில் அடர்ந்திருப்பது கருநிழல், அதைச் சூழ்ந்து மெல்லியதாக இருப்பது புறநிழல். இவ்விரு சொற்களும் என் நாவில் நன்றாகப் புழங்கும். ஒரு பொருளுக்குரிய சொல் கைவசம் இருந்துவிட்டால் பொருளே கைவசம் ஆகிவிட்டது என்று எண்ணிக்கொள்ளும் பழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. அன்று நேர்ந்த பிழைக்கு வேர் அதுவே என்று நினைக்கிறேன்.

அந்த மாசிக்கு முந்தைய ஆவணியில் முழு மறைப்பு ஒன்று நிகழ்ந்தது. நாங்கள் இருவரும் மாடிக்குச் சென்று பார்த்தோம். நிலவு சிறிது சிறிதாகக் கறுத்து வந்து, முழுதும் மூடப்பட்டதும் கறுப்பை விட்டுச் சிவந்து நின்றது. என் மனைவி நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஏன்னா, நிழல்னா கறுப்பாத்தானே இருக்கணும்? இது என்ன, தேய்க்காத செப்புக்குடம் மாதிரி?”

“இருக்கணும்தான்,” என்றேன். “நாளைக்குச் சொல்றேன்.”

மறுநாள் காலையில் மேசை விளக்கைக் கதிரவன் ஆக்கி, சாத்துக்குடியைப் புவி ஆக்கி, எலுமிச்சம்பழத்தை நிலவு ஆக்கினேன். முழுநிலவு நாளில்தான் இம்மூன்றும் ஒரு கோட்டில் வர இயலும் என்பதைக் காட்டினேன். அப்படியானால் மாதந்தோறும் மறைப்பு நிகழ வேண்டாமா என்றாள். நிலவின் பாதை புவியின் பாதைக்கு ஏறத்தாழ ஐந்து பாகை சாய்ந்திருப்பதால், பெரும்பாலான முழுநிலவுகள் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிச் சென்றுவிடுகின்றன என்று எலுமிச்சையைச் சற்றே உயர்த்திக் காட்டினேன். அதுவரை எல்லாம் செவ்வையாக நடந்தது. பிறகு எலுமிச்சையைச் சாத்துக்குடியின் நிழலுக்குள் கொண்டுவந்தேன். அது கறுத்தது.

“இது சிவக்கலையே,” என்றாள்.

சிவக்கவில்லைதான். எலுமிச்சையைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். அவள் சாதத்துக்குப் பிழிய வேண்டும் என்று அதை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நாள் நூலகத்துக்குச் சென்று படித்த பின்பே விளங்கிற்று. சாத்துக்குடிக்கு வளிமண்டலம் இல்லை; புவிக்கு உண்டு. புவியின் விளிம்பைச் சுற்றிலும் உள்ள காற்று, கதிரவன் ஒளியைச் சற்றே வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. அவ்வாறு நெடுந்தொலைவு காற்றினூடே வரும் ஒளியிலிருந்து நீலம் வழியிலேயே சிதறிப் போகிறது. சிவப்பு எஞ்சி நிலவின்மேல் விழுகிறது. அந்த வேளையில் உலகின் விளிம்பில் எங்கெங்கே விடிகிறதோ, எங்கெங்கே பொழுது சாய்கிறதோ, அவ்விடங்களின் செவ்வொளி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நிலவைச் சிவக்கச் செய்கிறது. படித்தபோது மிகுந்த மகிழ்ச்சி அடைந்தேன். வீடு திரும்பி இதை விரிவாகச் சொன்னேன். அவள் பூ தொடுத்துக்கொண்டே கேட்டாள். இறுதியில், எளிதில் நினைவில் நிற்க வேண்டும் என்று ஒரு வரியில் முடித்தேன்:

“சிவந்திருந்தா பிடிச்சிருக்கு. வெளுத்துட்டா விட்டுடுத்து. அவ்வளவுதான்.”

அவள் தலையசைத்தாள். விளக்கம் முழுவதையும் மறந்து அந்த ஒரு வரியை மட்டும் அவள் வைத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மாசியில் மறுபடியும் மறைப்பு வந்தது. இம்முறை நிலவு அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே பிடிபட்டு, பிடிபட்ட நிலையிலேயே நம் ஊரில் உதிக்கும் என்று செய்தித்தாள் கூறிற்று. எங்கள் வீட்டில் இது எளிய செய்தி அன்று. என் மனைவிக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை உட்கொண்டு உணவு தாமதித்தால் சர்க்கரை அளவு கீழே இறங்கிவிடும். முந்தைய ஆண்டு ஒருமுறை அவ்வாறு இறங்கி, பேச்சுக் குழறி, என்னை யாரென்று கேட்டாள். நான் அதை மறக்கவில்லை. அவள் அதைப் பற்றிப் பேச விரும்புவதில்லை.

அவள் பிறந்தகத்து வழக்கப்படி, நிலவு மறைப்புக்கு மூன்று சாமம், அதாவது ஒன்பது மணி நேரம், முன்பே உணவை நிறுத்திவிட வேண்டும். விடுபட்ட நிலவைக் கண்ணால் பார்த்து, நீராடிய பின்பே மறுபடி அடுப்பருகே செல்ல வேண்டும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நோயுற்றோருக்கும் விலக்கு உண்டு என்பதை அவளே அறிவாள். “உனக்கு விலக்கு உண்டே” என்று நான் சொன்னபோது, “நான் என்ன படுத்த படுக்கையாவா கிடக்கேன்?” என்று கேட்டாள்.

ஆகவே தொடக்க நேரத்தைக் கண்டறியும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் குழப்பம் அங்கேதான் முற்றியது. கைப்பேசி, நிலவு புறநிழலில் நுழைவதைத் தொடக்கம் என்றது. அது பிற்பகல் இரண்டேகால். செய்தித்தாள், கருநிழலில் நுழைவதைத் தொடக்கம் என்றது. அது மூன்று மணி இருபது. நம் ஊரில் நிலவு உதிப்பதோ மாலை ஆறேகாலுக்குச் சற்றுப் பிந்தி. எந்தத் தொடக்கத்திலிருந்து ஒன்பது மணி நேரத்தைக் கழிப்பது? முதலாவதைக் கொண்டால் விடியற்காலை ஐந்தேகாலுக்கு மேல் அவள் உண்ணலாகாது. மூன்றாவதான உதயத்தைக் கொண்டால் காலை ஒன்பது மணி வரை உண்ணலாம். தாளில் மூன்று பத்தி வரைந்து எழுதி, எழுதியதை அடித்து, மறுபடி எழுதினேன். எது மெய்யான தொடக்கம் என்று இன்றுவரை என்னால் அறுதியிட முடியவில்லை. மூன்றுமே மெய்யானவை போலத் தோன்றுகின்றன. அவளுக்கு எது நல்லதோ அதை மெய் என்று கொண்டேன்.

“நம்ம கண்ணுக்குத் தெரியாத கிரகணம் நமக்கு இல்லை. உதயத்துலேர்ந்துதான் கணக்கு,” என்றேன்.

“நீங்க சொன்னா சரி,” என்றாள்.

மருத்துவரிடமும் கேட்டேன். அவர் மகிழ்ச்சி அடையவில்லை. அன்று காலை மாத்திரையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். எவ்வாறாயினும் இரவு ஏழு மணிக்கு மேல் பட்டினி கூடாது என்றார். கை நடுங்கினாலோ வியர்த்தாலோ கடிகாரத்தைப் பாராமல் உடனே இனிப்பு கொடுக்க வேண்டும் என்று இருமுறை கூறினார். மறைப்பு ஆறு மணி நாற்பத்தேழுக்கு விடும் என்று செய்தித்தாள் சொல்லியிருந்தது. பார்த்து, நீராடி, ஏழு மணிக்கு உண்டுவிடலாம். கணக்கு நெருக்கமாயினும் பொருந்தி வந்தது. முன்னெச்சரிக்கையாகச் சட்டைப் பையில் கற்கண்டைப் பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொண்டேன்.

அன்று காலை ஒன்பது மணிக்கு முன் அவள் உண்டாள். தண்ணீர்க் குடத்தின் மீதும் மாவுப் பாத்திரத்தின் மீதும் தருப்பையை இட்டாள். பிற்பகல் முழுதும் சோர்வின்றி இருந்தாள். ஆறு மணிக்கு இருவரும் மாடிக்குச் சென்றோம்.

அங்கே எங்களுக்கு மேல்தளத்தில் குடியிருப்பவர் முன்பே வந்திருந்தார். அரியமங்கலத்தில் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறார்; ஐம்பது வயதிருக்கும். கையில் பற்றவைப்புக்குப் பயன்படும் கறுப்புக் கண்ணாடி.

“வாங்க சார், வாங்க மாமி. வெறுங்கண்ணால பாத்துராதீங்க. வெல்டிங் கண்ணாடி கொண்டாந்திருக்கேன்.”

“அது சூரிய கிரகணத்துக்கு இல்லையோ?” என்றேன். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. நிலவொளி கண்ணைக் கெடுக்காது என்று தோன்றியது. ஆனால் அவர் அவ்வளவு உறுதியாக நின்றார்.

மேற்கே கதிரவன் செக்கச் சிவந்து, தகடு போல மங்கி, மறைந்தது. எங்கோ தோட்டத்தில் வாழைச் சருகு எரித்திருந்தார்கள். புகை தாழ்வாகப் படர்ந்து கிழக்கே தென்னந்தோப்புகளின் மேல் பாய் விரித்தது போல நின்றது. நிலவு உதித்திருக்க வேண்டிய நேரம் கடந்தது. ஒன்றும் தெரியவில்லை. திருவானைக்காவல் பக்கத்தில் அண்மையில் எழுந்துள்ள கட்டடமும் அதன் தண்ணீர்த் தொட்டியும் அடிவானத்தை மறைத்திருந்தன. செய்தித்தாள் குறித்த உதய நேரம் வெட்டவெளிக்கு உரியது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். கட்டடத்துக்கும் தென்னைக்கும் பின்னால் நிற்பவர்களுக்கு அது பொருந்தாது.

ஆறு நாற்பதுக்குத் தொட்டிக்குப் பக்கத்தில் நிலவு தலைகாட்டியது. செம்மஞ்சளாக, பெரிதாக இருந்தது. இடப்பக்க உச்சியில் ஒரு விள்ளல் குறைந்திருந்தது. அந்த விள்ளல் சிவப்பாக இல்லை, கறுப்பாக இருந்தது. என் நூலக அறிவின்படி நிழல் விழுந்த இடம் சிவந்தும், விழாத இடம் வெளுத்தும் இருக்க வேண்டும். இங்கே நேர்மாறாக இருந்தது. நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டேன். மாறவில்லை.

“எங்க சார், ஒண்ணையும் காணோமே?” என்றார் மேல்தளத்துக்காரர், கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் பிடித்தபடி. “முழுசா முழுங்கிருச்சு போல.”

“கண்ணாடியை எடுத்துட்டுப் பாருங்கோ. நிலா அங்கேயேதான் இருக்கு,” என்றாள் என் மனைவி.

எடுத்துப் பார்த்தார். “அட, ஆமாங்க,” என்று கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆறு நாற்பத்தெட்டுக்கு அந்த விள்ளல் கரைந்தது. நிலவு முழு வட்டம் ஆயிற்று. நான் பெருமூச்சு விட்டேன். “விட்டுடுத்து. வா, கீழே போகலாம். வெந்நீர் போட்டு வெச்சிருக்கேன்.”

அவள் அசையவில்லை.

“எங்கே விட்டது? நன்னாப் பாருங்கோ. செக்கச்செவேல்னு இருக்கு.”

“வட்டம் முழுசா இருக்கே.”

“ஆவணியிலயும் வட்டம் முழுசாத்தான் இருந்தது. சிவப்பாவும் இருந்தது. நீங்கதானே சொன்னேள், சிவந்திருந்தா பிடிச்சிருக்குன்னு?”

அவள் சொன்னது என் சொல்லே. எழுத்துப் பிசகாமல் என் சொல்லே.

“அது வேற சிவப்பு,” என்றேன்.

“சிவப்புல வேறயா?”

கைப்பேசியை எடுத்தேன். மறைப்பு முடியும் நேரம் ஏழு ஐம்பத்து மூன்று என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அதை அவளும் எட்டிப் பார்த்துவிட்டாள். “பாருங்கோ. எட்டு மணியாகும். போட்டிருக்கே.” அது புறநிழலிலிருந்து விடுபடும் நேரம் என்று இப்போது அறிவேன். அந்தப் புறநிழலின் கடைசிப் பகுதியைக் கண்ணால் காண இயலாது என்றும் அறிவேன். அன்று மாடியில் எனக்கு அது எதுவும் தோன்றவில்லை. ஆறு நாற்பத்தேழும் ஏழு ஐம்பத்து மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நிலவு அவள் பக்கம் நின்றது. கைப்பேசியும் அவள் பக்கம் நின்றது. என் பக்கம் செய்தித்தாள் மட்டும் இருந்தது, அதுவும் கீழே வீட்டில் இருந்தது. நானே தவறோ என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது.

“மாமி, ஒண்ணு கேக்குறேன்,” என்றார் மேல்தளத்துக்காரர். “சித்த முன்னால அந்தப் பக்கம் சூரியன் விழுந்துச்சு. செவப்பாத்தானே விழுந்துச்சு? அப்ப சூரியனையும் புடிச்சிருச்சுங்களா? ஒரே நாள்ல ரெண்டு கிரகணமா?”

“தினமும் சூரியன் அப்படித்தானே அஸ்தமிக்கிறது.”

“அதாங்க. புகைக்குள்ள பாத்தா எல்லாம் செவப்பு. பட்டறையில வேலை நடக்குறப்ப மேல மாட்டியிருக்கிற லைட்டைப் பாப்பேன். புகை மண்டிருச்சுன்னா வெள்ளை லைட்டு தேன் கலருக்கு வந்துரும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டா மறுபடி வெள்ளை. லைட்டுக்கு ஒண்ணும் ஆகலைங்க. நடுவுல இருக்கிறதுதான் கோளாறு.”

அவர் அதைச் சொன்ன மாத்திரத்தில் எனக்குள் ஏதோ அசைந்தது. ஆனால் பிடிபடவில்லை. காற்று சிவக்கச் செய்கிறது என்றுதானே நானும் படித்தேன்? அப்படியானால் மறைப்பின் சிவப்பும் இந்தச் சிவப்பும் ஒன்றுதானா? ஒன்று என்றால் அவள் சொல்வது சரி. வேறு என்றால் எங்கே வேறு?

“லைட்டு கதை வேற. இது பெருமாள் விஷயம்,” என்றாள் அவள். ஆனால் குரலில் முன்பிருந்த பிடி இல்லை. புடைவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். மாசி மாலை, காற்று குளிர்ந்துதான் வந்தது. பிறகு மறுபடியும் துடைத்தாள். அவள் விரல்களைப் பார்த்தேன். நடுங்கின.

மணி ஏழைத் தாண்டி ஐந்து மணித்துளி ஆகியிருந்தது. நிலவு இன்னும் பித்தளை நிறத்தில் இருந்தது. நான் பொட்டலத்தைப் பிரித்தேன். அவள் கையை விலக்கினாள்.

“ஒரு வார்த்தை சொல்லுங்கோ. உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா? விட்டுடுத்தா?”

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். ஐயமுற்ற இடத்திலும் ஐயமின்றிப் பேசும் கலை எனக்குக் கைவந்தது. ஆம், விட்டது என்று சொல்லியிருக்கலாம்; அதுவே உண்மையாகவும் இருந்தது. ஆனால் அந்நேரத்தில் அது உண்மை என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அவளோ நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாது,” என்றேன். “எனக்கு ஒண்ணுமே புரியலை. நான் சொன்ன அந்த வரி தப்பு. எங்கே தப்புன்னும் தெரியலை. ஆனா உன் கை நடுங்கறது. அது மட்டும் தெரியறது.”

அவள் எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்தாள். மேல்தளத்துக்காரர் பதறி, “மாமி, தண்ணி கொண்டாரட்டுங்களா?” என்றார். அவள் வேண்டாம் என்று கையசைத்தாள்.

“தெரியாதுன்னு நீங்க சொல்லி நான் கேட்டதே இல்லை,” என்றாள். பிறகு, “சரி. இன்னிக்கு ஒரு நாழி நான் வியாதிக்காரி. கொடுங்கோ,” என்று கையை நீட்டினாள்.

கற்கண்டை வாயில் இட்டுக்கொண்டாள். இரண்டாவது கட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடைவாயில் அவள் அதைக் கடிக்கும் ஓசை எனக்குக் கேட்டது. பத்து மணித்துளிகளில் நடுக்கம் அடங்கியது. எழுந்து, என் தோளைப் பற்றிக்கொண்டு படியிறங்கி, நீராடி, ஏழரை மணிக்குத் தயிர்சாதம் உண்டாள். சாளரம் வழியே பார்த்தபோது நிலவு தென்னைகளுக்கும் புகைக்கும் மேலே ஏறி வெளுத்திருந்தது. கைப்பேசியின் கணக்குப்படி அது விடுபட இன்னும் இருபது மணித்துளிக்கு மேல் இருந்தது.

அவள் உறங்கிய பின் நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மறுநாளும் எண்ணிப் பார்த்தேன். நான் அறிந்தவரை முடிவு இது. இரண்டு சிவப்புக்கும் காரணம் ஒன்றே. காற்று நீலத்தைச் சிதறச் செய்து சிவப்பை விடுகிறது. ஆனால் இடம் வேறு. மறைப்பின்போது, கதிரவன் ஒளி நிலவுக்குச் செல்லும் வழியில் புவியின் காற்று குறுக்கிடுகிறது. ஆகவே நிலவின்மேல் விழும் ஒளியே சிவந்திருக்கிறது. உதயத்தின்போது, நிலவின் மேல் வெள்ளொளியே விழுகிறது. அது நம் கண்ணுக்கு வரும் வழியில் தாழ்வான காற்றையும் தூசியையும் புகையையும் நெடுந்தொலைவு கடந்து வருவதால் நமக்கு மட்டும் சிவந்து தோன்றுகிறது. விடுபட்டதை அறிய நிறத்தைப் பார்க்கலாகாது. விளிம்பைப் பார்க்க வேண்டும். இதை அவளிடம் சொன்னேன். “இதுவும் அந்த வரி மாதிரிதானா?” என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன்.

எஞ்சிய ஐயங்கள் சில உள்ளன. அந்த விள்ளல் கறுத்துத் தோன்றியது, அருகிலிருந்த ஒளிப்பகுதியின் மிகுதியால் அதன் மங்கிய சிவப்பைக் கண் உணராததனால்தான் என்று கொண்டிருக்கிறேன். முழுதும் நிழலுக்குள் போன பின்பே சிவப்பு வெளிப்படும் என்றும் ஆவணியில் கண்டதை வைத்து முடிவு செய்திருக்கிறேன். கடைசி விள்ளல் இடப்பக்க உச்சியில் இருந்ததாக எழுதியுள்ளேன். வலப்பக்கம் என்கிறார் மேல்தளத்துக்காரர். அவர் அப்போது கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன். மூன்று தொடக்கங்களில் எதைத் தொடக்கம் என்பது வானியலார்க்கு உடன்பாடு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இவற்றை அறிந்தவர்கள், மேலே கூறியவற்றில் பிழை காணின், பொறுத்தருளி எடுத்துக் காட்டுமாறு வேண்டுகிறேன். அடுத்த மறைப்பு வருமுன் தெரிவித்தால் நன்று. அவள் மறுபடியும் என்னிடம்தான் கேட்பாள்.